கோதுமை இல்லாத பதினொரு மாதம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடிய முதல் மழை. பல்கனியில் போட்ட உடுப்பு காயவில்லை. வயிறு, விரித்த குடை.

கோதுமையை விட்டு இன்றோடு பதினொரு மாதம். எனக்குச் சீலியாக் என்ற வருத்தமாம். கோதுமை பட்டால் குடல் கோபித்துக்கொள்ளும். நான் விட்டவை: பாண், ரொட்டி, கொத்து, ரோல்ஸ், சோயா சோஸ். என்னை விடாதவை: வயிற்றூதல், களைப்பு, மூட்டு நோ, காலையில் மூன்று தரம் கழிப்பறைக்கு ஓட்டம்.

பஸ்ஸில் ஒரு பிள்ளை என் வயிற்றைப் பார்த்து எழும்பி இடம் தந்தாள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மறுக்கவில்லை, இருந்துவிட்டேன்.

இவர், என் மனுசன், பாங்கிலிருந்து ஓய்வு எடுத்த கையோடு என் குடலைப் பொறுப்பெடுத்தவர். என் சட்டி, அகப்பை, கரண்டி எல்லாவற்றிலும் சிவப்பு நூல், வேறு கை படாமல். அரிசி மாவும் வீட்டிலேயே அரைப்பு. பின்னேரம் தவறாமல் ஒரு கோப்பை ரசம்.

“குடியும். குடல் ஆறும்.”

குடித்தேன். ஆறவில்லை.

ஒக். 9, வியாழன்

டொக்டர். இரண்டு மணி நேரக் காத்திருப்பு, ஐந்து நிமிடக் கதை.

“அன்ரி, ரத்தச் சோதனையில வருத்தம் இன்னும் குறையேல்ல. எங்கயோ கோதுமை உள்ளுக்குப் போகுது. வீட்டில தேடிப் பாருங்கோ.”

அன்ரி என்றது ஊசியை விட நொந்தது.

ஓட்டோவில் திரும்பினோம். வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட வந்ததும் இவர்: “நான் ஒழுங்காத்தானே செய்யிறன்?”

“நீங்கள் செய்யிறதில பிழையில்லையப்பா. என்ர வயிறுதான் நன்றி கெட்டது.”

இவர் சிரிக்கவில்லை.

ஒக். 11, சனி

வெயில். மேல் மாடி பேரின்பம் அக்கா சுகம் விசாரிக்க வந்தா. கையில் கேக். “வெள்ளைக்காரருக்கு வாற வருத்தமெல்லே இது? உமக்கென்னெண்டு வந்தது?” வடிவாய்க் கருக்கி டோஸ்ட் போட்டால் பாண் ஒன்றும் செய்யாதாம். கேக்கை அவவே சாப்பிட்டுவிட்டுப் போனா. கீழ் வீட்டு விவாகரத்துக் கதையும் சொன்னா. அதில் கோதுமை இல்லாதபடியால் முழுவதும் கேட்டேன்.

கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. வழியில் எந்தக் கடையில் கழிப்பறை உண்டு என்பது மனப்பாடம். இன்று அதுவும் போதாது.

ஒக். 12, ஞாயிறு

இவர் மீன் வாங்கப் போன நேரம் குசினிச் சோதனை. பூதக்கண்ணாடியும் நானும். மஞ்சள், சரி. மிளகு, சரி. கடைசியில் பெருங்காய டப்பா. எறும்பு எழுத்தில்: கோதுமை மா.

ரசத்துக்குப் போடும் பெருங்காயம். பதினொரு மாதம், பின்னேரத்துக்கு ஒரு கோப்பை.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. மீன் பையோடு வாசலில் நின்றார். டப்பாவை வாங்கி வாசித்தார். இரண்டாம் தரம் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

“நானே உமக்கு…”

“வேற ஆளெண்டா ஒரு கிழமையில என்னை முடிச்சிருப்பான். நீங்கள் பாங்குக்காரர், எல்லாம் தவணை முறை.”

ரசச் சட்டியை மூன்று தரம் கழுவினார். பிறகு சட்டியையே எறிந்தார். மீனை மறந்துபோனோம். பூனைக்கு நல்ல நாள்.

ஒக். 14, செவ்வாய்

பெருங்காயம் இல்லாத ரசம். சுடுதண்ணீரில் மிளகு குளித்ததுபோல். “எப்பிடி இருக்கு?” என்றார். கேட்டது ரசத்தைப் பற்றியல்ல என்று தெரியும்.

“நல்ல சுகம்.”

ஒரு நாளில் எந்தக் குடலும் ஆறாது. ஆனால் அந்த முகம் உடனே ஆறியது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பெருங்காயத்தை விட்டு மூன்று கிழமை. வயிறு, அதே குடை.

ஃபோனில் கேட்டேன். டொக்டர்: “மாசக்கணக்கு எடுக்கும் அன்ரி. சில பேருக்கு எல்லாம் விட்டும் வருத்தம் மிச்சம் இருக்கும்.” எனக்கு எது என்று அவருக்கும் தெரியாது.

இவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மரக்கறிக் கடையில் இருந்து பேரின்பம் அக்கா வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: “பெருங்காயம்தான். இப்ப ஆளுக்கு நல்ல சுகம்.” இரவில் குறட்டை விட்டு நித்திரை கொள்கிறார், ஒரு வருடத்துக்குப் பிறகு.

ஆகவே சத்தம் வெளியே கேளாமல், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் எல்லாம்.

“என்னப்பா, சுகம்தானே?”

“ஓம், முகம் கழுவுறன்.”

இன்று இது ஐந்தாம் தரம். வெள்ளவத்தையிலேயே சுத்தமான முகம் என்னுடையது. பாதியில் தண்ணீர் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தமும் நின்றது.

வெளியே வந்தேன். துவாயோடு நிற்கிறார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

துவாயை நீட்டினார். வாங்கித் துடைத்தேன்.