கார்ட்டூனுக்குச் சிரித்த குற்றம்

லமீஸ் அத்தா,

ஹாட்பாக்ஸில் இடியாப்பம் இருக்கிறது. தேங்காய்ப்பால் ஃப்ரிட்ஜில். லமீஸைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே நான் லாஸ்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன்.

உங்களுக்கு உயிரான அந்தப் பழைய விண்வெளிப் படத்தைக் கேலி செய்த கார்ட்டூனுக்கு நானும் லமீஸும் சிரித்தோம் என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். அசல் படத்தில் விண்கலத்துக் கம்ப்யூட்டர் கதவைத் திறக்க மறுத்தால் மனிதகுலமே நடுங்கும். கார்ட்டூனில் அது, "செருப்ப வெளிய வுட்டுட்டு வா" என்கிறது. சிரிக்காமல் என்ன செய்வது? "ஒனக்கு சினிமாவே புரியாது" என்றீர்கள். அசலில் ஒரு கிரகம் திரையைக் கடப்பதற்குள் நான் தூங்கி எழுந்துவிட்டேன் என்பது உண்மைதான்.

பதினொரு மணிக்கு ஃபிலிம் கிளப் ஹரிகிருஷ்ணன் வருவார். அந்தப் படத்தைப் பற்றி உங்களைப் பேசக் கூப்பிடத்தான். டீ கொடுங்கள். முழுப் பேச்சையும் அவரிடமே பேசி முடித்துவிடாதீர்கள்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுத் துர்காவிடம் கொடுங்கள். லமீஸ் மத்தியானமே வந்துவிடுவாள்.

ரமீஜா

பி.கு.: இதை எழுதும்போது பாத்ரூமிலிருந்து அந்தக் கார்ட்டூன் சத்தம் வருகிறது. அதைவிடச் சத்தமாக உங்கள் சிரிப்பு. நான் கேட்காத மாதிரிதான் போகிறேன். லமீஸ் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டே சொல்கிறாள்: "அத்தாவுக்கு சினிமா புரிஞ்சிடுச்சும்மா."