நாலு மீட்டருக்குள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றும் சக்கர நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் ஸ்வீட்லின் என் மடியில். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு விரிக்கவே முடியவில்லை. ஐந்து வயது, பதினான்கு கிலோ. இறங்கும்போது என் கை மரத்துப்போய்விட்டது, பையைக் கண்டக்டர்தான் எடுத்துக் கொடுத்தார்.

தெரபிஸ்ட் ஈஸ்வரி மேடம் அவள் இடது காலை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"சேர் எதுக்கும்மா அளவெடுத்துச் செஞ்சு குடுத்தோம், வீட்டுல வச்சு அழகு பாக்கவா? மடியிலயே தூக்கிட்டு அலைஞ்சா இடுப்பு மூட்டு விலகிரும்."

"பஸ்ஸுல ஏத்த மாட்டேங்காங்க மேடம். முதுகு மடங்காத சேரு, ஆட்டோவுலயும் நுழையல."

"அப்ப ஒரு வண்டிக்கு வழி பாருங்க. ஜனவரியில எக்ஸ்ரே எடுப்போம்."

ஜனவரி. இன்னும் ஐந்து மாதம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகளைப் பார்க்க அத்தான் குவைத்திலிருந்து வீடியோவில் பேசினார். அவர் டிரைவராக இருக்கும் வீட்டில் ஆறு பேருக்கு ஐந்து கார். அவர் ஓட்டுவது ஐயாயிரத்து எழுநூறு சிசி. ரொட்டி வாங்கப் போவதும் அதில்தான். இறக்குமதி வரி நூற்றுக்கு ஐந்துதானாம், பெட்ரோலும் கொள்ளை மலிவு. சிசி எத்தனை என்று யாரும் யாரையும் கேட்பதில்லையாம்.

முதலாளி ஸ்வீட்லின் போட்டோவைப் பார்த்திருக்கிறார். பழைய கார் ஒன்று சும்மா நிற்கிறது, மகளுக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாராம்.

"சேரு நின்ன வாக்குல உள்ள போயிரும்ட்டி. நான் டேப்பு புடிச்சே பாத்துட்டேன்."

வீடியோவில் பின்கதவைத் திறந்து காட்டினார். ஒரு அறை மாதிரி இருந்தது. அவர் அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று போனை வானத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் அத்தை எழுந்து சாட்சி சொல்லிவிட்டார். கர்த்தர் என் பேத்திக்குக் கார் கொடுத்தார் என்று. காணிக்கைக் கவரும் போட்டாயிற்று. சாட்சி என்பது நடந்து முடிந்ததைச் சொல்வது. மாமா வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"வண்டி இன்னும் கப்பல்லகூட ஏறல ஞானபாக்கியம். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அதுக்குப் பேருதான் விசுவாசம். உங்களுக்கு எங்க அது தெரியப்போவுது."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பானுப்பிரியாவிடம் கேட்டேன். என்னோடு பி.காம் படித்தவள், இப்போது தூத்துக்குடியில் துறைமுக கிளியரிங் ஆபீஸில் வேலை.

"வண்டிக்கு எத்தன வருசம்?"

"ஒன்பது."

"மூணுக்கு மேல ஆனாலே உள்ள விடமாட்டான். ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"குவைத்துல இடது பக்கம்தான…"

"இடதுன்னா அதுவும் வராது பிளஸ்ஸி. எல்லாம் சரியா இருந்தாக்கூட வண்டி வெலையவிட வரி கூட வரும். சும்மா குடுத்தாலும் அவனே ஒரு வெலை போட்டு அதுக்கு வரி கேப்பான்."

ஆறு வருடமாக இடது பக்கம் உட்கார்ந்தே ஓட்டுகிறவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு? முழு வீடியோவையும் பார்த்தேனே. பின்கதவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் நான்கு பேர் கேட்டார்கள். "கார் வந்துட்டாம்மா?" ஐந்தாவது ஆள், "கப்பல்ல வருதா, இல்ல நீந்தியே வருதா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தை விறுவிறு என்று நடந்தார். சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது? அதற்கு ஒரு வழக்கமும் இல்லையே.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் மாமா பேப்பரோடு வந்தார். இருபத்திரண்டாம் தேதியிலிருந்து சின்னக் கார்களுக்கு வரி பதினெட்டு சதவீதம். நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் என்றால் ஆயிரத்து இருநூறு சிசிக்குள், டீசல் என்றால் ஆயிரத்து ஐநூறுக்குள். தாண்டினால் நாற்பது.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஸ்வீட்லினின் ஊனச் சான்றிதழை வைத்து வாங்கினால் பதினெட்டு என்று இருந்த சலுகைக்குத்தான் நான்கு மாதமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் இதே அளவு வண்டிக்குத்தான். இனி ஊருக்கே பதினெட்டு. அவளுக்கென்று இருந்த ஒன்றும் எல்லாருக்கும் ஆகிவிட்டது. அதற்குப் போய் வயிற்றெரிச்சல் படுகிறேன். நான் என்ன மனுஷி?

செப்டம்பர் 27, சனி

ஷோரூமுக்கு நாற்காலியையே கொண்டுபோனோம். பக்கத்துத் தெரு முத்துவீரன் அண்ணாச்சியின் லோடு வண்டியில் ஏற்றி, நானும் மாமாவும் பஸ்ஸில். ஷோரூம் பையன்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து அது என்ன என்று பார்த்தார்கள்.

மூன்று கார்களில் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் டிக்கி மூடவில்லை. நாலு மீட்டருக்குள் அடக்க வேண்டும் என்று எல்லா வண்டிக்கும் பின்பக்கத்தைத்தான் நறுக்கியிருக்கிறார்கள்.

"பின்சீட்டை மடக்கினாப் போயிரும் மேடம்."

"மடக்கினா நாங்க எங்க உக்கார?"

"பாப்பாவ முன்னாடி உக்கார வச்சு…"

"அவளா உக்கார முடிஞ்சா நான் ஏன்பா இதத் தூக்கிட்டு வாரேன்?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், இருபத்திரண்டு வயது இருக்கும்.

நான்காவது கார் நாலு மீட்டர் முப்பது. ஆயிரத்து ஐநூறு சிசி பெட்ரோல். நாற்காலி உள்ளே போனது, கதவு மூடியது. ஒன்றரைச் சாண் நீளம்தான் அதிகம். அதற்கு நாற்பது சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டுவதால் ரோட்டு வரியும் ஏறுகிறது. மாமா விலைத்தாளைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் நாற்காலியை இறக்கும்போது முத்துவீரன் அண்ணாச்சி சொன்னார்: "என் வண்டியும் நாலு மீட்டருக்குள்ளதான்மா. எழுநூறு சிசி. சேரு ராசா மாதிரி நின்னுக்கிட்டே வந்துச்சு பாத்தியளா."

"அதுல ஆளு ஏத்தக்கூடாதே அண்ணாச்சி."

"ஆமா. மூட்டை ஏறலாம்."

அக்டோபர் 2, வியாழன்

போனில் ஒரு வீடியோ. ஜப்பானில் அறுநூற்று அறுபது சிசிக்குள் இருந்தால் வரி குறைவாம். நீளமும் கட்டுப்பாடுதான், நம் சின்னக் காரைவிடக் குட்டை. ஆனால் அவர்கள் அதைப் பெட்டி மாதிரி உயரமாகக் கட்டுகிறார்கள். பின்கதவு திறக்கிறது, ஒரு பலகை தரைக்கு இறங்குகிறது, ஒரு கிழவர் சக்கர நாற்காலியோடு அப்படியே உள்ளே போகிறார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. தினமும் போகிறவர் போலிருக்கிறது.

பதினோரு தடவை பார்த்தேன்.

எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் ஒரு எண்ணை எழுதுகிறார். கம்பெனிக்காரன் அந்த எண்ணுக்குள் இரும்பை வளைக்கிறான். இந்தப் பிள்ளை அதற்குள் வருமா என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்திருப்பார்களா? அங்கே யோசித்திருக்கிறார்கள். இங்கே ஏன் — சரி, யாரைக் கேட்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

செய்துவிட்டேன். லோடு வண்டியின் பின்னால் நாற்காலியைக் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டி, அதில் அவளை உட்காரவைத்து, நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் முகத்தில் காற்று அடித்தது. இப்படி நிமிர்ந்து அவள் ரோட்டைப் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் சிரித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் போலீஸ் நிறுத்தினார்கள்.

"ஏம்மா, பிள்ளைய மூட்டை மாதிரி கட்டி எடுத்துட்டுப் போற. பிரேக் அடிச்சா என்ன ஆவும்னு யோசிச்சியா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அண்ணாச்சி மேல் கேஸ் போட்டார்கள். எனக்காக வந்த மனுஷன். "விடும்மா, பாத்துக்கிடலாம்" என்றார். அந்த இடத்திலிருந்து மறுபடியும் மடி, மறுபடியும் பஸ்.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை. போகவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

போகவில்லை. மழை இல்லை. நான்தான் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கிறிஸ்மஸுக்கு ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தவர், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நீள வண்டியை வாங்கத்தானாம்.

"ரெண்டு வருசம் கழிச்சு வாங்குத வண்டி எதுக்கு அத்தான்? அதுவரைக்கும் அவ இடுப்பு காத்துக்கிட்டு இருக்குமா?"

"நான் வேற என்னட்டி செய்ய? நீயே சொல்லு."

எங்கள் இரண்டு பேரில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு பாத்திரத்தை எல்லாம் சத்தமாகக் கழுவினேன். ஸ்வீட்லின் பயந்து அழுதாள். அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு விறைக்கும் என்று தெரிந்தும் செய்தேன்.

டிசம்பர் 25

புது கவுன் போட்டுவிட்டேன். கோயிலில் என் மடியிலேயே இருந்தாள்.

ஜனவரி 6, செவ்வாய்

இடது இடுப்பு மூட்டு மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்துவிட்டது.

ஈஸ்வரி மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆபரேஷன் வேணுமான்னு மதுரையில காட்டிருவோம். இனிமே ஒரு நாள்கூட சேர் இல்லாம வரக்கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். எதை நம்பித் தலையாட்டினேன்?

ஐந்து மாதமாக வண்டிக்குள் நாற்காலி போகுமா என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அளக்க வேண்டியது தூரத்தை.

ஜனவரி 8, வியாழன்

வீட்டில் சொல்லிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தெரபி சென்டருக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து, நானும் ஸ்வீட்லினும் போய் இருக்கிறோம் என்று.

அத்தை கையில் இருந்த அரிவாள்மணையைக் கீழே வைத்தார். "புருசன் வெளிநாட்டுல. மருமவ தனிக்குடித்தனம். இந்த வாசல் வழியா நான் எப்படிக் கோயிலுக்குப் போவேன்? கார் எங்கன்னு கேட்டவுக இனி மருமவ எங்கன்னு கேப்பாக."

மாமா, "பன்னெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தனிக் குடித்தனமாம்மா?" என்றார்.

"வேற வழி தெரியல மாமா."

அவர் உள்ளே போய், சட்டைப்பையிலேயே வைத்திருந்த அந்த விலைத்தாளைக் கிழித்துப் போட்டார். அத்தை அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒரு அறை, ஒரு அடுப்படி. வாசலில் இரண்டு படி. தச்சு ஆசாரியிடம் பலகை செய்து வாங்கிப் போட்டிருக்கிறேன். சரிவு அதிகம், இறக்கும்போது என் முழு உடம்பாலும் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்று முதல்முறை நாற்காலியிலேயே போனாள். தலை, இடுப்பு, கால் மூன்று பட்டையும் போட்டு. சென்டருக்கு ஒன்பது நிமிடம். தெருவின் இரண்டு ஓரத்திலும் கார் நிறுத்தியிருப்பதால் நடு ரோட்டில்தான் தள்ள வேண்டும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே ஒருவர் வந்தார். ஒதுங்க இடமில்லை. கடைசிவரை எங்கள் வேகத்திலேயே வந்தார்.

மதுரையில் ஆபரேஷனுக்கு ஏப்ரலில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அத்தானிடம் சொன்னேன். லீவு கேட்கிறேன் என்றார். கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. தள்ள இரண்டு கையும் வேண்டும், குடை பிடிக்கக் கை இல்லை. என் துப்பட்டாவை எடுத்து அவள் தலையில் போட்டேன். உள்ளிருந்து ஏதோ சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள்.