கூடிப் படிக்கிற பிள்ளை

சிலாவத்துறை
12.03.2012

அன்பு நஃபீஸாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டுவிட்டோம். என் வாப்பாவின் வளவில் காடு வெட்டி முடிந்தது. கொட்டிலுக்குத் தகரமும் போட்டாயிற்று. தொண்ணூறில் புலிகள் துரத்த விட்டுப்போன மண்ணில் இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு படுக்கிறேன், ஆனால் ஒற்றை ஆளாக. சோறு ஆக்குவதும் நான், தின்பதும் நான். அலுத்துப்போனேன். பள்ளிக்கூடமும் திறந்துவிட்டார்கள். இந்தத் தவணை முடிய மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. பதிலை இங்கே வந்துபோகும் ஜப்பார் காக்காவின் வான் வண்டியில் கொடுத்துவிடு. இங்கே போனில் கதைக்க மரத்தில் ஏறவேண்டும்.

உன்
உசனார்

ஆலங்குடா
20.03.2012

ஃபஹ்மியாவின் வாப்பாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

தனியே சமைக்கிறீர்கள் என்று வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மகளை இப்போது எப்படிக் கிளப்புவது? கூட்டாளிகள் நாலு பேரோடு கூடிப் படிக்கிற பிள்ளை அவள். அஸர் தொழுததும் பாயை விரித்து உட்காருவார்கள். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், இடையில் கதையும் சிரிப்பும். தனியே விட்டால் புத்தகத்தின் மேலேயே நித்திரையாகிவிடுவாள். அடுத்த வருடம் ஓ.எல். சோதனை முடியட்டும். கோபிக்க வேண்டாம். கருவாடு அனுப்பியிருக்கிறேன், இன்னொரு வெயில் காட்டுங்கள்.

நஃபீஸா

சிலாவத்துறை
02.08.2012

நஃபீஸாவுக்கு, ஸலாம்.

மகள் நோன்பு லீவுக்கு வந்து பத்து நாள். கூட்டாளிகள் இல்லாமல் தவித்துப்போவாள் என்று அயலில் நாலு பிள்ளைகளைப் புத்தகத்தோடு வரச்சொன்னேன். புதுப்பாய்கூட வாங்கி விரித்தேன். வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, இவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"ஆக்கள் கதைச்சா எனக்கு ஒண்டும் ஏறாது வாப்பா. நான் எப்பவும் தனியத்தானே படிக்கிற" என்றாள்.

"அப்ப ஆலங்குடாக் கூட்டாளிமார் நாலு பேரு?"

"எந்த நாலு பேரு வாப்பா?"

பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். இங்கே சத்தமில்லை, இங்கேயே இருந்து படிக்கவா என்கிறாள். உன்னிடம்தான் கேட்கிறேன். ஏன் அப்படி எழுதினாய்?

உசனார்

ஆலங்குடா
10.08.2012

ஃபஹ்மியாவின் வாப்பாவுக்கு, ஸலாம்.

பொய்தான். நோன்போடு எழுதுகிறேன், இனி மறைக்க ஏலாது.

பாய் விரித்தது மகள் அல்ல, நான். அகதியாக இந்த முகாமுக்கு வந்த வருடம் ஒரே புத்தகத்தைச் சுற்றியிருந்து என்னோடு படித்த ஸாஜிதாவும் மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அஸருக்குப் பிறகு சேர்ந்திருந்துதான் கூலிக்கு வெங்காயம் துப்புரவாக்குகிறோம். தனியே விட்டால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. உங்களுக்கு அது வாப்பாவின் வளவு. எனக்கோ மறுபடியும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். அதற்கு உடம்பிலும் தெம்பில்லை, மனதிலும் இல்லை. உங்கள் மேல் ஒரு கோபமும் கிடையாது.

மகள் அங்கேயே படிக்கட்டும். எங்கள் கதைச் சத்தத்தில் பாவம், இத்தனை வருடமும் சுவரைப் பார்த்து இருந்து படித்தாள். அவளுடைய புத்தகங்களும் பள்ளிக்கூட உடுப்பும் ஜப்பார் காக்காவின் வானில் வருகின்றன. பை பெரிதாக இருக்கிறதே என்று பார்த்து, நானும் பின்னால் வருவதாக நினைத்துவிடாதீர்கள். என் உடுப்பு ஒன்றும் அதில் இல்லை.

நஃபீஸா