பூண்டில்லா வீட்டில் பூண்டு வாசம்

புரட்டாசி 7, சனி

தூறல். விரதம். மாவிளக்கு ஏற்றிக் கும்பிடும்போது பூண்டு வாசம். இந்த மாதம் வீட்டில் பூண்டே கிடையாது. அஞ்சறைப்பெட்டி, ஜாடி எல்லாம் கொட்டிப் பார்த்தேன். இல்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் அஞ்சலை வேலியோரம் நின்று, பெருமாளுக்கே ஆசை வந்துவிட்டதோ என்று சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, "உங்களுக்கு முந்தி அந்த வூட்ல இருந்த பொம்பள, பூண்டு உரிச்சிகினு இருக்கசொல்ல உசுரு போச்சுக்கா. அதான் வருது."

மூலைக்கு மூலை துளசித் தீர்த்தம் தெளித்தேன்.

8, ஞாயிறு

துணி துவைத்தேன். அவர் லேப் சட்டை, வேட்டி 2, என் புடவை. தெளித்தும் வாசம் போகவில்லை. சமையலறையில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே. திரும்பிப் பார்க்கவில்லை.

9, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் விளக்கைத் தூண்டச் சொன்னார். தூண்டினேன். இன்னும் இருட்டு என்றார். திரி நன்றாகத்தான் எரிகிறது. அவருக்கு வியர்வை, வயிற்றுப் பிடிப்பு. கண்ணின் கருமணி சுருங்கி எள்ளளவு.

சட்டையை வாங்கி ஆணியில் மாட்டும்போது அதே பூண்டு! பூஜை அலமாரி பக்கத்து ஆணி. வந்தது செத்தவள் இல்லை.

கேட்டேன். வெள்ளிக்கிழமை பாட்டில் வாயிலிருந்து கைமடிப்பில் வழிந்ததாம். பாஸ்பரஸ் சேர்ந்த புதுப் பூச்சிமருந்து. வெறுங்கையால் தொடக்கூடாது, மேலே பட்டால் அங்கேயே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, உடனே சொல்ல வேண்டும் என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். இவர் சொல்லவில்லை. இன்னும் பர்மனன்ட் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் கையை விளக்கின் மேல் பிடித்து, "எனக்கு ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் என்னைப் பத்திப் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன்.

10, செவ்வாய்

அதே சட்டையை மறுபடி துவைத்தேன். சோப்பு, சலவைச் சோடா, மூன்று தண்ணீர். வெறுங்கைதான், கையுறைக்கு எங்கே போவது? நடுவில் கண் அரித்தது, தேய்த்துக்கொண்டேன். இவர் இன்றும் வேலைக்குப் போனார், மார்பைப் பிடித்துக்கொண்டு.

கண்ணைத் தேய்த்ததும் சத்தியம் பண்ணிய கைதான்.

11, புதன்

காலை விளக்கு மங்கல். தூண்டினேன். எண்ணெய் விட்டேன். மங்கல்தான். மேகம் என்று வாசலுக்குப் போனால் சுள்ளென்று வெயில். எனக்கு மட்டும் சாயங்காலம்.

கண்ணாடியில் பார்த்தேன். எள்ளளவு.

சட்டையைக் குச்சியால் எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். கையை முழங்கை வரை கழுவினேன். ஆஸ்பத்திரிக்கு அஞ்சலை துணைக்கு வருகிறாள். சட்டை யாருடையது என்று டாக்டர் கேட்கட்டும்.

பெருமாளே, நான் என் கண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.