பின்சக்கரத்தின் ஆட்டமும் உன்னிடம் இருக்கும் சாவியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம் என்று உன் அம்மா சொன்னாள், இருந்தாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அம்மாவின் முழங்கால் தேவலை. படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், இறங்கும்போது திட்டுவதில்லை, வலி எந்த அளவு என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கடை பரவாயில்லை, கீலும் தாழ்ப்பாளும் போகிறது, பித்தளைக் கைப்பிடியைத்தான் சீந்துவார் இல்லை, எல்லோருக்கும் கறுப்புதான் வேண்டுமாம். உன் அறை ஜன்னல் ஒழுகியதை அடைத்தாகிவிட்டது. போனில் பேசாமல் ஏன் காகிதத்தை எடுத்தேன் என்றால், போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுவதற்கும் பதில் சொல்லிவிடுகிறாய். இது குழப்பமான சங்கதி, முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே பிடிபடும்.

போன முறை நீ வந்திருந்தபோது தண்ணீர்த் தொட்டி வளைவில் நம் பழைய காரின் வால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதே, நீ முன்னால் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், அப்பா இனி வண்டியைத் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி, ஒரு சாவியை உன் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாய். இன்னொன்று அம்மாவின் தையல் பெட்டிக்குள் போய்விட்டது. சொன்னது நீ என்பதால் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் கண்ணு, கடை என்று ஒன்று வருவதற்கு முன் அந்த வண்டியின் டிக்கிதான் எனக்குக் கடை, அதில் கீலையும் தாழ்ப்பாளையும் பரப்பி வைத்து வீடு கட்டுகிற இடமெல்லாம் போய் விற்றவன் நான். இப்போது வாடகை வண்டியில் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனால் மேஸ்திரிகள், என்ன முதலாளி லைசென்சைப் பிடுங்கிட்டாங்களா என்று கேட்கிறார்கள், ஆமாம் என் மகள்தான் போலீஸ் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

தப்பு என் மேலா வண்டி மேலா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டேன். அவரை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், எதையும் அவசரமாகச் செய்யாத மனிதர் என்பதால் வந்த பெயர். வண்டியைத் தரையில் நிற்கவைத்து நாலு சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், டீ குடித்தார், கடைசியில், வண்டியில ஒண்ணுமே இல்ல முதலாளி, இனி ஓட்டுறவங்களைத்தான் பாக்கணும் என்றார். நீ சொன்னாய், மெக்கானிக்கும் சொல்கிறார், இனி நான் என்ன பேச. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன், உன் அம்மா, சாவி போனதுக்கே இப்படின்னா நான் போனா என்ன பண்ணுவீங்க என்றாள்.

மறுநாள் அவரே ஆள் அனுப்பினார். வண்டி தரையில் நின்றால் அதன் கனமே அச்சை உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாதாம், இது அவருக்கு நான் போன பிறகுதான் உறைத்ததாம். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டு, வலப்பக்கப் பின்சக்கரத்தின் மேல்பாகத்தைப் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுத்துக் காட்டினார். டக் டக் என்று சத்தம், சக்கரம் சாய்ந்து நிமிர்கிறது. உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். பின்சக்கரங்களுக்கு நடுவில் குடம் மாதிரி ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, இன்ஜினின் சுழற்சியை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் அதுதான். அதிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டை அச்சு நீட்டிக்கொண்டிருக்கும், வெளிமுனை கவை போல் இருப்பதால் அதை யோக் என்கிறார்கள். நம் வண்டியில் சக்கரத்தின் தலை நிமிர்ந்து நிற்பதே அந்த யோக்கின் தயவில்தான். அதன் உள்முனை, நடுவில் குறுக்கே இருக்கிற ‘பின்’ என்கிற இரும்புக் கம்பியில் உரசி உரசித் தேய்ந்துவிட்டது. தேய்ந்த தாழ்ப்பாள் எப்படிக் கொண்டியில் முன்னும் பின்னும் ஓடும், அப்படி யோக் ஓடுகிறது, வளைவில் சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சாய்கிறது, வால் இழுக்கிறது. டயல் கேஜ் என்று கடிகாரம் மாதிரி ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் இடப்பக்கம் மயிரிழை, வலப்பக்கம் தீக்குச்சி கனம். எனக்கு அங்கேயே உனக்குப் போன் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. வீட்டுக்கு வந்து போனை எடுத்தபோது உன் அம்மாதான், வண்டி வீட்டுக்கு வரட்டும் அப்புறம் பேசுங்க என்று தடுத்தாள்.

தடுத்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆட்டம் என்றால் நம் கடையில் என்ன செய்வோம், ஒரு வாஷரைப் போட்டு இறுக்குவோம். புது யோக் கிடைக்கிறதா என்று அவசரம் தேடிக்கொண்டிருந்தார், நான் கடையிலிருந்து கெட்டியான எஃகு வில்லை ஒன்றை எடுத்துப் போய், தேய்ந்த குழியில் இதை வையுங்கள், ஆட்டம் அடியோடு நிற்கும் என்றேன். வேண்டாம் முதலாளி, இது கதவு இல்ல என்றார். நான் விடவில்லை, பேரம் பேசிப் பேசியே அவரைச் சம்மதிக்க வைத்தேன். கேஜில் முள் அசையவே இல்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அம்மா சாவியை அவசரத்தின் கையில்தான் கொடுத்தாள், அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். பெரிய கடைவீதி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஊளைச் சத்தம், கருகிய எண்ணெய் வாடை, வண்டி நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. இரும்பு சூடானால் கொஞ்சம் நீளும், நீள இடம் இல்லாததால் யோக்கும் பின்னும் ஒன்றை ஒன்று மென்றிருக்கின்றன. கதவுக்கு ஆட்டமே கூடாது, அச்சுக்கு மயிரிழை ஆட்டம் இருந்தே ஆக வேண்டும், இத்தனை வருஷம் இரும்பு விற்றவனுக்கு இது தெரியவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததைத் தெருவே பார்த்தது. உன் அம்மா வாசலில் நின்று, ஆட்டம் நின்னுச்சா என்று மட்டும் கேட்டாள்.

பிறகு முறைப்படி செய்தார்கள். மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, கடிபட்ட பின்னை மாற்றி, யோக்கின் தேய்ந்த முனைக்கு வெல்டிங் வைத்து வளர்த்து, லேத்தில் கடைந்து, முனை மட்டும் கெட்டிப்படும்படி பதம் ஏற்றி, மாட்டிப் பார்த்து, கழற்றித் துளி தேய்த்து, மறுபடி மாட்டி, இரண்டு பக்கமும் அதே மயிரிழை என்று கேஜ் காட்டும்வரை அவசரம் அசையவில்லை. நானும் இந்த முறை வில்லை எதையும் நீட்டவில்லை. முதலில் அவர் ஓட்டினார், தண்ணீர்த் தொட்டி வளைவில் வண்டி கோடு போட்ட மாதிரிப் போயிற்று, சாவியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அம்மா தையல் பெட்டியைத் திறந்து சாவியைக் கொடுத்து, நானும் வர்றேன் என்று முன்னால் ஏறிக்கொண்டாள்.

இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொன்னாள். கீலில் விரிசல் இருந்தால் விரிசல் இருக்கும் பக்கத்தைத் திருப்பிக் காட்டித்தான் நான் விற்பேன், உனக்கு மட்டும் மறைத்து விற்பேனா. வளைவில் வண்டி ஆடவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், உனக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வளைவு முடிகிற இடத்தில் உன் அம்மா, ஏங்க நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். ஓரத்திலிருந்து ஒருவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு குறுக்கே போகிறார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணு, அம்மா சொல்லும்வரை நான் அவரைப் பார்க்கவில்லை. ஏணியையும் பார்க்கவில்லை.

இப்போது என்ன நினைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவைக் கேட்டால், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன், இதுல புதுசா என்ன இருக்கு என்கிறாள். அப்படியானால் நான் எப்போதுமே இப்படித்தானா, இவள் கண்ணால்தான் இத்தனை காலம் ஓட்டினேனா, அல்லது சந்தோஷத்தில் கவனம் பிசகியதா, அல்லது நீ சொன்னதுதான் சரியா. கண் டாக்டரிடம் போனேன், எழுத்தெல்லாம் ஒழுங்காகப் படித்தேன், வயசுக்கு நல்லாவே இருக்கு என்றார், வயசுக்கு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவசரத்திடமும் கேட்டுப் பார்த்தேன். வண்டி ஆட்டத்தை அளக்க என்கிட்ட கேஜ் இருக்கு முதலாளி, உங்க ஆட்டத்துக்கு நான் எங்க போவேன் என்று சொல்லிவிட்டார். வண்டி மேல் குற்றம் இருந்தது உண்மை, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். என் மேலும் ஏதோ இருக்கலாம், எவ்வளவு என்றுதான் தெரியவில்லை, மயிரிழையா தீக்குச்சியா.

அன்று வீடு வந்ததும் சாவியை நானே தையல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை நீ வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வா, அம்மா பின்னால் உட்காரட்டும், அவள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த வளைவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போவோம். நீ என் கையைப் பார்க்காதே, ரோட்டைப் பார், நீ பார்த்ததையெல்லாம் நான் பார்த்தேனா என்று கேள். பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், போனில் மட்டும் சொல்லாதே.

குட்டிக்கு இருமல் விட்டதா, ஐஸ் தண்ணீர் கொடுக்காதே. மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. வரும்போது அந்தச் சாவியை மறக்காமல் எடுத்து வா. அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவதா, தையல் பெட்டியில் இருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதா என்று அப்போது பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாடகை வண்டியில் போய்வருகிற உன் அப்பா