பேர்னஸுக்குள் இருந்த சீலை

என் அக்கா,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என் மனைவி ரதி எழுதிய பக்கத்தை நேற்று வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். உன் கைச்சமையல், பிள்ளைகளுக்கு நீ பின்னிவிட்ட தலை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் அந்தச் சீலைக் கதையும் இருக்கிறது: “தூசு வரக்கூடாதென்று, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸுக்குள் சீலையை மடித்து வைத்த வெகுளி எங்கள் மச்சாள்.”

உன் செத்தவீட்டிலும் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. பெட்டிக்குள் நீ கிடக்க, பத்தடி தள்ளி நின்று பல்லைக் காட்டினேன். அந்தச் சீலையை வைத்தது நான் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ரதியின் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். உன் பெயர் அந்தச் சிரிப்போடு அச்சேறிவிட்டால் பிறகு யாரால் அழிக்க முடியும்?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ கொழும்பில் மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்து கனடா வந்து சேர்ந்தபோது நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உனக்கு நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில், பேர்னஸுக்குப் பக்கத்தில் அறை. மேல்வீட்டில் மணம் பிடிக்கும் என்று பொரிப்பதும் தாளிப்பதும் அங்கேயே, உன் அறைக்குப் பக்கத்து அடுப்பில். சனிக்கிழமைகளில் நீ சூடை மீன் பொரிப்பாய். நான்தான் முதலில் தட்டோடு வந்து நிற்பேன்.

ஆனால் அந்த மணம் பேர்னஸின் காற்றுக் குழாய் வழியே வீடு முழுக்க ஏறியது. வேலையிடத்தில் பக்கத்து மேசைக்காரி ஒரு நாள் என் கோட்டை வாங்கி, எல்லாருடைய கோட்டும் தொங்கும் இடத்தில் போடாமல், தூரத்தில் இருந்த ஒரு கொக்கியைக் காட்டினாள். சிரித்தபடிதான் காட்டினாள். அன்று ரெயினில் வீடு வரும்வரை என் கையையே மணந்துகொண்டு வந்தேன்.

உன்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று நினைத்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. அது பொய். நீ பொரிப்பதை நிறுத்திவிடுவாயே என்பதுதான் என் கவலை. எனக்கு மீனும் வேண்டும், மணமும் இருக்கக்கூடாது.

பேர்னஸின் பக்கத்தில் ஒரு இடுக்கு இருக்கிறது. வீட்டுக் காற்று திரும்பி வந்து, அந்த இடுக்கில் செருகியிருக்கும் பில்டரில் வடிந்து, சூடாகி, மறுபடி குழாய்களில் ஏறும். ஒரு பில்டர் தூசைப் பிடிக்குமென்றால் நாலு மடிப்புத் துணி மணத்தைப் பிடிக்காதா என்று என் மூளை வேலை செய்தது. நீ கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள், கிழிந்து போயிருந்த உன் நீலக் கரைச் சீலையை எடுத்து மடித்து அதற்குள் செருகினேன். அப்போது இலை உதிர்காலம். பேர்னஸ் அவ்வளவாக ஓடாத காலம். பிறகு மறந்தே போனேன். மறப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

தை மாதக் குளிரில் அது நின்று நின்று ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிஷம் எரியும். “டக்” என்று ஒரு சத்தம், நெருப்பு அணைந்துவிடும். காற்று மட்டும் பச்சைத் தண்ணீர்போல வந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி பற்றும். நான் வெளிக்குழாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். சுவிச்சை நிறுத்திப் போட்டேன். அறை அறையாகக் காற்று வரும் ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். நீ எனக்கு ரோர்ச் பிடித்தாய்.

“தம்பி, உதுக்கு மூச்சு முட்டுது போல கிடக்கு. இழுக்கேக்க ஒரு சத்தம் கேக்குது,” என்றாய். இரவும் பகலும் அதற்குப் பக்கத்தில் இருந்தவள் நீ.

“உனக்கு உதுகளில என்ன தெரியும்? நீ கண்டபடி சூட்டைக் கூட்டிக் கூட்டித்தான் உது களைச்சுப் போச்சு,” என்றேன்.

அடுத்த நாளே கடைக்குப் போய், சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு மேலே பூட்டுப் போட்ட பிளாஸ்ரிக் மூடி வாங்கிப் பூட்டினேன். திறப்பைக் கார்த் திறப்போடு கோர்த்துக்கொண்டேன். நீ என் பழைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாய். கேட்டதற்கு, “எனக்குக் குளிரேல்லை, இது சும்மா,” என்றாய். நான் அதையும் நம்பினேன்.

ஒரு கிழமை கழித்துத் திருத்த வந்தவரும் எங்கள் ஆள்தான், வாய் ஓயாத மனிதர். தகரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். “அண்ணை, மெசினில பிழையில்லை. அளவுக்கு மிஞ்சிச் சூடானா எரியவிடாமத் தடுக்கிற சுவிச்சு ஒண்டு கிடக்கு, அது தன்ர வேலையைச் செய்யுது. காத்து வாறேல்லை, அதுதான் சூடு உள்ளுக்கையே நிக்குது,” என்றார். அவருடைய கை அந்த இடுக்குக்குப் போனபோதுதான் எனக்கு நினைவு வந்தது.

சீலை நீளமாக வந்தது. தூசும் எண்ணெயுமாக, நீலக் கரை மட்டும் அடையாளம் தெரிந்தது. “ஆர் உதுக்குள்ள சீலை வைச்சது? வீடு எரியாமத் தப்பினது புண்ணியம்!” என்றார் அவர். ரதி படியில் நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உன்னைப் பார்த்தேன். “அக்கா, நீயே வைச்சனீ?” என்று கேட்டேன்.

நீ சீலையை வாங்கி ஒரு தரம் மூக்கருகே கொண்டு போனாய். பொரித்த மீன் மணம் எனக்கே அடித்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாய். “ஓம். தூசு வருமெண்டு நான்தான் வைச்சனான்,” என்றாய்.

அவர் சிரித்தார், ரதி சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீ மீன் பொரிக்கவில்லை. ரதி கேட்டபோது, “எனக்கு இப்ப பொரிச்சது ஒத்துவாறேல்லை,” என்றாய். எதற்காக வைத்தேன் என்பது அந்த மணத்திலேயே உனக்கு விளங்கிவிட்டது, இல்லையா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டன.

இன்னும் ஒன்று இருக்கிறது. பேர்னஸ் திருந்திய பிறகும் அந்தப் பூட்டை நான் கழற்றவில்லை. கழற்றினால் பிழை உன்னுடையது இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? மூன்று குளிர்காலம் அது சுவரில் இருந்தது. மூன்றிலும் நீ அந்த ஜக்கெற்றோடு இருந்தாய். ஆசுப்பத்திரிக்குப் போன அன்றும் அதைத்தான் போட்டிருந்தாய்.

இங்கே இப்போது எல்லாரும் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு வெள்ளிக்கிழமைதான் பயம்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்று மத்தியானம் ரதியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்தாள். “நான் எத்தினை பேருக்குச் சொல்லிச் சிரிச்சனான்,” என்று அழுதாள். பிறகு, “அவ என்னட்டைக்கூட உங்களைக் காட்டிக் குடுக்கேல்லையே,” என்றாள். தன் பக்கத்தில் அந்த வரியைத் தானே வெட்டினாள். அச்சகத்துக்குக் கொண்டு போவதை மட்டும் என்னிடம் விட்டாள். “அது நீங்கள்தான் குடுக்கவேணும்.”

பூட்டைக் கழற்றிவிட்டேன் அக்கா. உன் அறையிலும் சூடு நன்றாக வருகிறது, யாருமில்லாத அறையில்.

வெள்ளிக்கிழமை நானே கொண்டு போய்க் கொடுப்பேன். அதற்குப் பிறகும் யாராவது அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால், கலியாணவீடோ செத்தவீடோ, எழும்பி நின்று வைத்தவன் நான் என்று சொல்வேன். சனிக்கிழமை மேல்வீட்டு அடுப்பில் சூடை பொரிப்பேன், திங்கட்கிழமை அதே கோட்டோடு வேலைக்குப் போவேன். இதெல்லாம் உனக்கு எட்டாது என்று தெரியும். நீ இருக்கும்போது செய்திருக்க வேண்டியவை.

நீ காட்டிக்கொடுக்காத தம்பி,
குணம்