கை காட்டினால் நிற்கும்

மார்ச் 12, செவ்வாய்

காலை 10.42. துணை மின்நிலையத்தில் ரிலே ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண். மாரெட்டின் கணவரா என்று கேட்டார். பென்லானில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிறுத்தத்திலேயே விழுந்துவிட்டாளாம். மூளையில் ரத்தக் கசிவு. கொண்டுவரும் வழியிலேயே —

நான் கேட்டது: "ஊருக்குள்ள போற பக்கத்து ஸ்டாப்பா, எதிர்ப் பக்கமா?"

ஏன் அதைக் கேட்டேன்? தெரியவில்லை. பிறகு யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாமலிருக்க நான் மாட்டியிருந்த பாதுகாப்புப் பூட்டைக் கழற்றி, கையெழுத்துப் போட்டு, வேலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மார்ச் 21

அடக்கம் முடிந்தது. தேவாலயத்தின் பின்னறையில் தேநீர், பன்றி இறைச்சி சாண்ட்விச். "முப்பத்திரண்டு வயசுல இப்படியா" என்று யாரோ என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். மாரெட்டோடு சனிக்கிழமைகளில் மலைப் பாதைகளில் நடக்கப் போகும் நடைக் குழு கடைசி வரிசையில் நின்றது. எல்லோரும் கறுப்பு உடை, கீழே மலையேறும் பூட்ஸ். பஸ் நிறுத்தத்திலிருந்து வயல் வழியாக நடந்தே வந்திருக்கிறார்கள். மாரெட் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை.

ஏப்ரல் 3

போன். ஒரு பெண் குரல்: "ஜூன் பதினஞ்சு நடைக்கு நாயக் கூட்டிட்டு வரலாமா?"

ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. குழுவின் வருட அட்டவணை ஜனவரியிலேயே அச்சாகிவிட்டது. வழிநடத்துபவர் மாரெட், தொடர்புக்கு என் எண். அவளுடைய போனுக்கு எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது.

"கயிறு போட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

ஏப்ரல் 9

இன்னொருவர். "மாரெட் இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கா."

என்னடா பேசுற நீ? எங்க போயிருக்கா?

ஏப்ரல் 20

டெலித் வந்தாள். குழுவின் செயலாளர். உலர்திராட்சை ரொட்டி கொண்டுவந்திருந்தாள். நான் வெட்டாததால் அவளே வெட்டி, அவளே தின்றாள். விஷயத்துக்கு வர நேரம் எடுத்தாள்.

"அந்த ஜூன் நடைய ரத்து பண்ணிடட்டுமா, ரோத்ரி? வழிநடத்துறவங்க அந்தப் பாதைய முன்கூட்டியே ஒரு தடவை நடந்து பாத்திருக்கணும். அதான் நம்ம விதி. அவ பாக்கல."

பார்க்கத்தான் அன்று போனாள். நான்ட்கோச்சில் ரயிலை விட்டு இறங்கி, மலையைக் கடந்து, பென்லானில் பஸ் பிடிப்பது. கார் வேண்டாம். முழுக்க அவளே யோசித்த பாதை. எந்தப் பாதையானாலும் முடிவிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பாள். "திரும்பி வர பஸ் இருந்தாத்தான் அது நடை, இல்லன்னா தொலைஞ்சு போறது" என்பாள். அதனால் முதலில் பென்லான். அங்கிருந்து ஓர் அடிகூட நடக்கவில்லை.

ரத்து செய்தால் அந்தப் பாதையில் யாருமே நடக்காமல் போய்விடும்.

"மே கடைசி வரைக்கும் பொறு, நான் நடந்து பாக்கறேன்" என்றேன்.

"நீயா? உன்னை ஒரு தடவை கூட்டிட்டு வந்தப்போ பாதி வழியில உக்காந்து கம்பத்துல இருக்கற டிரான்ஸ்ஃபார்மரப் பாத்துட்டிருந்தியே."

அது உண்மை.

மே 11, சனி

போனேன்.

நான்ட்கோச் மிகச் சின்ன நிறுத்தம். ரயிலில் ஏறும்போதே கார்டிடம் சொன்னால்தான் அங்கே நிற்பார்கள். சொன்னேன். இறங்கியது நான் ஒருவன்தான். தண்டவாளத்தை ஒட்டி ஒரு பண்ணை. முதல் வயலில் கன்றுகளோடு பசுக்கள் நின்றன. வேலி ஓரமாகச் சுற்றிப் போனேன். பிறகு ஓடை, காடு, ஏற்றம். உச்சியிலிருந்து பென்லான் தெரிந்தது. தார் ரோடு, தேவாலயம், பஸ் நிறுத்தத்தின் பச்சைக் கூரை.

தார் ரோடு தொடங்கும் இடம் வரை இறங்கினேன். அங்கேயே திரும்பி, வந்த வழியே நடந்தேன்.

மறுபடி நான்ட்கோச் பிளாட்பாரம். ரயில் வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். டிரைவரும் என்னைப் பார்த்தார். ரயில் போய்விட்டது. நான் கை காட்டவில்லை. இங்கே கை காட்டினால்தான் நிற்கும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "கைய என்ன, பாக்கெட்டோட வச்சு தச்சிருக்கா?"

பண்ணைக்காரி. பெயர் நெரிஸ். நாற்பது வயதிருக்கும், கையில் வாளி. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள்.

"ரயிலப் படம் புடிக்கிற ஆளா நீ?"

"இல்ல. ஜூன்ல ஒரு குழு வருது. பாதை பாக்க வந்தேன்."

"ஓ, கார் வேண்டாம் பஸ்தான்னு சொன்ன அந்தப் பொண்ணோட ஆளா? பிப்ரவரில போன் போட்டு உயிர எடுத்துட்டா. கன்னுக்குட்டி எந்த வயல்ல இருக்கும், ஜூன்ல எங்க மாத்துவீங்க, கிழவங்களால மாட்டுக்குப் பயந்து ஓட முடியாதுன்னு. நேர்ல வரேன்னு சொன்னா, வரவே இல்ல. ஏமாத்துக்காரி."

"செத்துட்டா" என்றேன்.

அந்த வார்த்தையை முதல்முறையாக என் வாயால் சொன்னேன். அதுவும் ஒரு வாளியைப் பார்த்து.

நெரிஸ் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "உள்ள வந்து உக்காரு, மழை வருது" என்றாள். போனேன். அவள் பால் கறக்கப் போய்விட்டாள். அவள் சமையலறையில் ஈர நாய் ஒன்றோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ரயிலுக்கு அவளே வந்து கை காட்டினாள். என்னை நம்பவில்லை.

மே 13

டெலித்திடம் நேரக் கணக்கைக் கொடுத்தேன். தூரம், ஏற்றம், என் வேகம், அதில் இருபது சதவீதம் குறைத்து. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வேலியத் தாண்டற மரப் படிக்கட்டு எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

"ஒவ்வொண்ணுலயும் நம்ம குழுக் கிழவர் இஸ்லுவின் ஏறி, முழங்காலத் திட்டி, இறங்கணும். அவர் பின்னால மத்தவங்க நிப்பாங்க. அதச் சேத்தியா? உன் கணக்குப்படி போனா கடைசி பஸ்ஸோட புகையத்தான் பாக்கலாம்."

சேர்க்கவில்லை. மாரெட் சேர்த்திருப்பாள். காலையில் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புவதாக மாற்றினோம்.

"கடைசி கால் மைல் நான் நடக்கல" என்றேன்.

டெலித் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது தார் ரோடுதான். அதுல யாரும் வழி தவற மாட்டாங்க."

மே 29

போன். "மாரெட்கிட்ட பேசலாமா?"

"மார்ச்ல இறந்துட்டாங்க. நான் அவ வீட்டுக்காரன். நடை உண்டு. நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

ஜூன் 7

நாய்க்காரப் பெண் மறுபடி அழைத்தாள். நாய் வராதாம், அவள் மட்டும் வருவாளாம்.

ஜூன் 15, சனி

பதினான்கு பேர். நான்ட்கோச்சில் கார்டு எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்டாப்புக்கு ஒரு வருஷக் கூட்டம் இது" என்றார். பசுக்கள் மேல் வயலுக்கு மாறியிருந்தன. நெரிஸ் வாசல்படலைத் திறந்து வைத்திருந்தாள்.

"உனக்காக இல்ல. அவ கேட்டா, மாத்தினேன்."

டெலித் சொன்னதுதான் நடந்தது. பதினோரு படிக்கட்டிலும் இஸ்லுவின் புதுப்புது வசவு வைத்திருந்தார். உச்சியில் சாண்ட்விச். லேசான தூறல். யாரும் மாரெட்டைப் பற்றிப் பேசவில்லை. காட்டில் மட்டும் ஒருவர், "நல்ல பாதைப்பா இது" என்றார். ஆமாம் என்றேன்.

பிறகு தார் ரோடு. டெலித் கடைசியில் வர வேண்டியவள். யாரும் விட்டுப்போகாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. இருந்தாலும் மற்றவர்களையும் வேகப்படுத்தி என் அருகில் வந்து நடந்தாள்.

நிறுத்தம். ஒரு பெஞ்சு, கண்ணாடிக்குள் நேர அட்டவணை, பச்சைக் கூரை. அவ்வளவுதான். எல்லோரும் பெஞ்சிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். இஸ்லுவின் மட்டும், "மன்னிச்சுக்கோ, முழங்கால்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது எனக்கு நல்லதாக இருந்தது.

வளைவில் பஸ் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கை காட்டுப்பா, போயிடுவான்!" என்றார் இஸ்லுவின்.

கையை நீட்டினேன். நின்றது.

ஊரில் பிரியும்போது டெலித் நினைவூட்டினாள்: எல்லோரும் வீடு சேர்ந்ததும் வழிநடத்துபவருக்குச் செய்தி அனுப்புவார்கள், அதுவரை போன் கையில் இருக்க வேண்டும். நடை நாட்களில் மாரெட் இரவு உணவின்போதும் என் போனை வாங்கித் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது இதற்காகத்தானா?

சூப்பைச் சுட வைத்தேன். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றாக வந்தன. நாய்க்காரப் பெண் நாயின் படத்தை அனுப்பியிருந்தாள். கடைசியாக இஸ்லுவின்: "சேர்ந்துட்டேன். பதினோரு படிக்கும் நீயே பொறுப்பு."

எல்லோரும் வீடு சேர்ந்துவிட்டார்கள்.

மார்ச்சிலிருந்து இந்தப் போனை நான் ஒருமுறைகூட அணைத்ததில்லை. இப்போது அணைத்துவிட்டேன்.